தபாலில் வந்த முட்டையில் குஞ்சு எடுப்பது: நீலகிரிக்கான முழுமையான வழிகாட்டி

பெருவிடை, சிறுவிடை, கடக்நாத் என்று விரும்பிய கோழி இனத்தின் கருவேறிய முட்டையை நாமக்கல்லிலிருந்தோ பொள்ளாச்சியிலிருந்தோ பார்சலில் வாங்கி வீட்டு இன்குபேட்டரில் வைப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. அந்தப் பார்சல் மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறும்போது இரண்டு சிக்கல்கள் கூடவே ஏறுகின்றன. ஒன்று வழியில் பட்ட குலுக்கல், இன்னொன்று மேலே காத்திருக்கும் மெலிந்த காற்று. குலுக்கலில் கெட்டதைத் திருத்த வழியில்லை. காற்றைச் சமாளிக்க வழி உண்டு. ‘37.5 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம்’ என்ற சமவெளிக் கணக்கை ஊட்டியில் அப்படியே வைத்தால் முட்டை அளவுக்கு மீறிக் காயும். 21ஆம் நாள் முழுதாக வளர்ந்த குஞ்சு உள்சவ்வில் ஒட்டிக்கொண்டு ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடக்கும். பழியோ முட்டை விற்றவர் தலையில் விழும்.

தபால் முட்டையில் பாதி பொரிந்தாலே நல்ல பொரிப்புதான். அந்தப் பாதியாவது கைக்கு வரச் செய்ய வேண்டியவை இங்கே, கோழி முட்டையை வைத்து.

எப்போது வாங்குவது, என்ன கேட்டு வாங்குவது

ஏப்ரல், மே மாதங்களில் வாங்காதீர்கள். சுமார் 21 டிகிரிக்கு மேல் போனால் கரு மெல்ல விழித்து வளரத் தொடங்கும். கோவை, ஈரோடு பக்கம் 38 டிகிரி வெயிலில் பார்சல் கொட்டகையில் கிடக்கும் முட்டை அரைகுறையாக வளர்ந்து, மலைக்குளிரில் நின்று, செத்தே வந்து சேரும். போதாததற்கு மே மாதம் மலர்க்கண்காட்சி சீசன். மலைப்பாதையில் வண்டிகள் ஊர்ந்துதான் ஏறும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஊட்டி, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து மின்சாரம் போவது வழக்கம். குன்னூர், கோத்தகிரிக்கு அதே தொல்லை அக்டோபர், நவம்பரில். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு ஜனவரி முதல் மார்ச் பாதி வரை பாதுகாப்பான காலம். குளிர் கடுமைதான், ஆனால் குளிரை ஹீட்டரால் சமாளிக்கலாம்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை: முட்டை இட்டு எத்தனை நாள்? அனுப்பும் அன்று 3 நாளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. வழியில் 2, 3 நாள் போனாலும் அடை வைக்கும்போது 7 நாளுக்குள் இருக்க வேண்டும், அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் பொரிப்பு குறையும். எத்தனை பெட்டைக்கு ஒரு சேவல்? 8 முதல் 10 பெட்டைக்கு ஒன்று சரியான கணக்கு. அதே முட்டையை அவர் இன்குபேட்டரில் வைத்தால் நூற்றுக்கு எத்தனை பொரிகிறது? இதற்கு நேரான பதில் சொல்லாதவரிடம் வாங்க வேண்டாம். முட்டையைக் கழுவி அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போனால் கிருமி உள்ளே போகும், நீரும் வேகமாக வெளியேறும்.

கடக்நாத் வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல்: மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் அந்தக் கோழிக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தபின் கிராக்கி ஏறிவிட்டது, போலியும் ஏறிவிட்டது. கோழிதான் கறுப்பு. முட்டை வெளிர் பழுப்பு அல்லது பாலேட்டு நிறத்தில்தான் இருக்கும். கறுப்பு முட்டை என்று படம் போட்டு விற்றால் ஏமாற்று. ‘காட்டுக்கோழி முட்டை’ என்று யாராவது விற்றாலும் தொடாதீர்கள். அது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பறவை. பறவைக் காய்ச்சல் பரவும் சமயத்தில் கேரள எல்லைச் சோதனைச்சாவடிகளில் கோழியையும் முட்டையையும் திருப்பி அனுப்புவார்கள். ஆகவே வயநாடு, மலப்புறம் பக்கமிருந்து வாங்கும் எண்ணமிருந்தால் கால்நடை மருத்துவமனையில் விசாரித்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

பேக்கிங்: நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் காற்றுக்குமிழ் உறையை நம்ப வேண்டாம். ஒவ்வொரு முட்டையையும் இரண்டு சுற்று செய்தித்தாளில் சுற்றி, காகிதக்கூழ் முட்டை அட்டையில் அகன்ற முனை மேலே இருக்கும்படி வைத்து, அந்த அட்டையை ஒரு பெட்டியில் இறக்கி, அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள் வைத்து, நடுவில் எல்லாப் பக்கமும் 5 செ.மீ. தடிமனுக்கு மரத்தூளோ உமியோ நிரப்பச் சொல்லுங்கள். குலுக்கிப் பார்த்தால் சத்தம் வரக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பார்சல் வழியில் தங்காமலிருக்க திங்கள் அல்லது செவ்வாயில் அனுப்ப வேண்டும். பஸ் பார்சல் என்றால் டிக்கியில் போடாமல் உள்ளே வைக்கச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தவர்கள் மேட்டுப்பாளையம் வரை அனுப்பச் சொல்லி, அங்கிருந்து தாமே மடியில் வைத்துக் கொண்டுவருவது எல்லாவற்றிலும் நல்லது.

இன்குபேட்டர் பெட்டி தயாராக வேண்டியது முட்டை வரும் முன்

மலையில் விசிறி இல்லாத பெட்டி வேண்டாம். காற்று அசையாத பெட்டியில் மேலுக்கும் கீழுக்கும் 2, 3 டிகிரி வித்தியாசம் வரும், அறை குளிர்ந்தால் அது இன்னும் கூடும். கடையில் வாங்கும் ஆட்டோமேட்டிக் பெட்டியானாலும் தெர்மாகோல் பெட்டியில் நீங்களே செய்ததானாலும் கணக்கு ஒன்றுதான்: விசிறியுள்ள பெட்டியில், முட்டையின் உயரத்தில் 37.5 முதல் 37.7 டிகிரி.

சொந்தமாகச் செய்வோருக்கு: 40 முதல் 50 மி.மீ. தடிமனுள்ள தெர்மாகோல் பெட்டி, வெப்பத்தைக் கட்டுப்படுத்த டபிள்யூ 1209 தெர்மோஸ்டாட், அதற்கு 12 வோல்ட் அடாப்டர், கம்ப்யூட்டர் விசிறி ஒன்று, குண்டு பல்பு இரண்டு. சமவெளியில் அறைக்கும் பெட்டிக்கும் 8, 10 டிகிரி வித்தியாசம்தான். ஒரு 40 வாட் பல்பு போதும். ஊட்டி டிசம்பர் இரவில் வீட்டுக்குள்ளேயே 10 டிகிரி என்றால் வித்தியாசம் 27 டிகிரி. 60 வாட் பல்பு இரண்டை இணையாக மாட்டுங்கள். ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றொன்று காப்பாற்றும். பல்பு வெளிச்சம் நேரே முட்டையில் விழாமல் தகரத் தடுப்பு வையுங்கள்.

டபிள்யூ 1209 கடையிலிருந்து வரும்போது ‘பி1’ அமைப்பு 2 டிகிரியில் இருக்கும். அதாவது வெப்பம் 2 டிகிரி இறங்கினால்தான் பல்பு மறுபடி எரியும். அதை 0.3க்கு மாற்றுங்கள். ‘பி0’ சூடாக்கும் நிலையில், அதாவது ஆங்கில ‘எச்’ எழுத்தில் இருக்க வேண்டும். ‘பி4’ அளவுத் திருத்தத்துக்கு. சென்சாரை முட்டையின் மேல்மட்ட உயரத்தில், பல்புக்கு அருகிலோ விசிறிக் காற்றின் நேர் எதிரிலோ இல்லாமல் தொங்கவிடுங்கள்.

இனி திருத்தம் பார்ப்பது. தெர்மாமீட்டரைக் கொதிநீரில் வைத்துச் சோதிக்கும் பழக்கம் இங்கே செல்லாது, ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் டிஜிட்டல் காய்ச்சல் தெர்மாமீட்டர் 37 டிகிரி அருகே நம்பகமானது. பிளாஸ்கில் 37.5 டிகிரி அளவு வெந்நீர் எடுத்து, அதையும் சென்சாரையும் ஒன்றாக நனைத்துப் பாருங்கள். வரும் வித்தியாசத்தை ‘பி4’இல் போடுங்கள். ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டருக்கு உப்புச் சோதனை: ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டு ஈரமண் பதத்துக்குத் தண்ணீர் விட்டு, ஹைக்ரோமீட்டரோடு காற்றுப் புகாத டப்பாவில் 12 மணி நேரம் மூடிவைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். 68 காட்டினால், எப்போதும் 7 கூட்டிப் படியுங்கள். மலிவான மீட்டர்களில் 10 வரை பிசகு சாதாரணம்.

பெட்டி இருக்கும் இடம் உள்ளறையாக, வெளிச்சுவரை ஒட்டாமல், ஜன்னல் வெயில் படாமல் இருக்கட்டும். கரியடுப்பில் கணப்பு மூட்டும் அறையில் கண்டிப்பாக வைக்காதீர்கள். முட்டைக்குள் மூச்சுவிடும் உயிருக்கும் அந்தப் புகை விஷம்தான். முட்டை வருவதற்கு 48 மணி நேரம் முன்பே பெட்டியை ஓடவிட்டு, இரவு 2 மணிக்கும் பகல் 2 மணிக்கும் அளவு ஒன்றா என்று பாருங்கள். நீலகிரியில் அந்த இரு நேரத்துக்கும் இடையே அறை வெப்பம் 10 டிகிரிகூட மாறும். அரை டிகிரிக்கு மேல் ஆட்டம் இருந்தால் பெட்டியைக் கம்பளியால் சுற்றுங்கள், காற்றுத் துளைகளை மட்டும் மூடாமல்.

மலைக்காற்று முட்டையை என்ன செய்கிறது

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 23 சதவீதம் குறைவு; ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜனும் அதே அளவு குறைவு. குன்னூர், கோத்தகிரியில் இந்தக் குறைவு 20 சதவீதத்தை ஒட்டி, கூடலூரில் சுமார் 11. அழுத்தம் குறைந்தால் நீராவி ஓட்டுத் துளைகள் வழியே வேகமாக வெளியேறும். அதே முட்டை, அதே ஈரப்பதம், ஆனால் ஊட்டியில் ஏறக்குறைய 1.3 மடங்கு நீரை இழக்கும். மலையிலேயே முட்டையிட்டு வரும் கோழிகளின் ஓடு இதற்கேற்ப நீராவியைக் குறைவாகக் கடத்தும். நாமக்கல் முட்டைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இதோடு மூடுபனி ஏமாற்றும். ஜூலையில் ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாத அளவு மூட்டம். இவ்வளவு ஈரத்தில் பெட்டிக்குத் தண்ணீர் எதற்கு என்று தோன்றும். 14 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதமுள்ள அந்தக் காற்றைப் பெட்டி 37.5 டிகிரிக்குச் சூடாக்கியதும் ஈரப்பதம் சுமார் 22 சதவீதத்துக்கு விழுந்துவிடும். ஜனவரிப் பகலில், 10 டிகிரியில் 50 சதவீதம் உள்ள காற்று பெட்டிக்குள் 10 சதவீதத்தைத் தொடும். குளிர்ந்த காற்று எவ்வளவு நனைந்திருந்தாலும் அது தாங்கும் நீர் கொஞ்சம்தான்.

சமவெளியின் 50 சதவீதத்துக்கு ஈடாக முதல் 18 நாளுக்கு ஊட்டியில் 60 முதல் 62, குன்னூர், கோத்தகிரியில் 58 முதல் 60, கூடலூரில் 55 வைத்துத் தொடங்குங்கள். கொடைக்கானலில் இருப்பவர்கள் ஊட்டிக் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். இது தொடக்க அளவு மட்டுமே. இறுதித் தீர்ப்பு தராசுடையது, அதற்குப் பிறகு வருவோம். ஈரப்பதம் கூட வேண்டுமானால் தண்ணீரின் ஆழத்தைக் கூட்டிப் பயனில்லை, பரப்பைக் கூட்ட வேண்டும். அகன்ற தட்டு, அதில் நிற்கும் ஸ்பாஞ்சு, போதாவிட்டால் ஸ்பாஞ்சின் மேல் விசிறிக் காற்று படும்படி நகர்த்துவது என்று படிப்படியாகப் போங்கள். ஊற்றும் நீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் பெட்டி ஒரு மணி நேரம் தடுமாறும்.

துளைகளை அடைத்து ஈரத்தைத் தக்கவைக்க நினைப்பதுதான் மலையில் நடக்கும் பெரிய தவறு. ஆக்சிஜன் ஏற்கனவே குறைவு. முதல் வாரம் பாதித் துளைகளும், 10ஆம் நாளிலிருந்து எல்லாத் துளைகளும் திறந்திருக்க வேண்டும். ஈரம் குறைந்தால் நீர்ப்பரப்பு, வெப்பம் குறைந்தால் பல்பு. துளையைத் தொடாதீர்கள்.

பார்சலைப் பிரித்ததும்

முட்டையை அகன்ற முனை மேலே இருக்கும்படி அட்டையில் அடுக்கி, ஓர் இரவும் ஒரு பகலும், 24 மணி நேரம், அசையாமல் விடுங்கள். அறை 15 முதல் 18 டிகிரி இருந்தால் அருமை. நீலகிரியில் இது இலவசமாகக் கிடைக்கும் வசதி. இரவில் 10க்குக் கீழே இறங்கும் வீடானால் அட்டையைப் பார்சல் பெட்டியில் வைத்து மேலே துணி போர்த்துங்கள். அழுக்குப் பட்டிருந்தால் உலர்ந்த துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். ஒட்டியிருக்கும் எச்சத்தைச் சுரண்ட வேண்டிய முட்டை வேண்டவே வேண்டாம்.

ஓய்வுக்குப் பின் இருட்டறையில் வெளிச்சம் பாருங்கள். அட்டைத்துண்டில் 3 செ.மீ. ஓட்டை போட்டு, கீழே செல்போன் டார்ச்சை வைத்தால் போதும். முட்டையை நிமிர்த்தியே பிடித்து, அகன்ற முனையின் காற்றறையைக் கவனியுங்கள். சரியான காற்றறை ஒரே இடத்தில் நிற்கும். குலுக்கல் பட்டதில் அதன் கோடு சாய்ந்து ஒரு பக்கம் இறங்கியிருக்கும். மோசமாகப் பட்டதில் முட்டையை மெல்லச் சாய்த்தால் காற்றுக்குமிழ் ரசமட்டத்தில் போல அலையும். காற்றறை எங்கே முடிகிறது என்று பென்சிலால் கோடு போட்டு, கோட்டருகே ‘ந’ நல்லது, ‘சா’ சாய்ந்தது, ‘அ’ அலைவது என்று எழுதுங்கள். பேனா மை வேண்டாம். மயிரிழை விரிசல் தெரிந்தால் அந்த முட்டையை ஆம்லெட்டுக்கு அனுப்புங்கள். அலையும் காற்றறையைக் கழிக்க வேண்டியதில்லை. அதிலும் சில பொரியும்.

அடை வைக்கும் முன், பெட்டிக்கு அருகே 24, 25 டிகிரி உள்ள இடத்தில் 6 மணி நேரம் வைத்திருங்கள். 12 டிகிரி முட்டையை நேரே 37.5க்குள் வைத்தால் ஓடு வியர்க்கும், அந்த ஈரத்தில் கிருமி துளைக்குள் இழுபடும்.

இன்னொன்று, பலரும் செய்யாதது: அக்கம்பக்கத்தில் சேவலோடு மேயும் கோழியின் புது முட்டை 4, 5 வாங்கி, ‘ஊர்’ என்று எழுதிச் சேர்த்து வையுங்கள். ஊர் முட்டை பொரிந்து தபால் முட்டை பொரியாவிட்டால் பெட்டியில் குறையில்லை. இரண்டும் பொரியாவிட்டால் பெட்டியைச் சந்தேகப்படுங்கள். இந்தச் சோதனை இல்லாமல் யாரைக் குறை சொல்வதும் வெறும் ஊகம்.

முதல் 18 நாள்

முட்டைகளை ஒருக்களித்துப் படுக்கவைக்காமல், முட்டை அட்டையிலேயே நிமிர்த்தி வையுங்கள். அட்டையின் அடியில் காற்றோடச் சிறு துளைகள் வெட்டிக்கொள்ளுங்கள். வைத்த நேரத்தை எழுதுங்கள். அன்று 0ஆம் நாள், 24 மணி நேரம் கழித்துத்தான் 1ஆம் நாள். இந்தக் கணக்கில் ஒரு நாள் பிசகித்தான் பலர் 20ஆம் நாளிலேயே பதறுகிறார்கள்.

‘ந’ முட்டைகளை மறுநாளிலிருந்தே திருப்பலாம். ‘சா’, ‘அ’ முட்டைகளை முதல் 3 நாள் அசைக்காமல் விட்டால் காற்றறை பெரும்பாலும் ஓரளவு ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம். 3 முதல் 7ஆம் நாள் வரைதான் திருப்புதல் மிக அவசியமான காலம். அப்போது திருப்பாவிட்டால் கரு ஓட்டுச்சவ்வில் ஒட்டிக்கொள்ளும், ரத்த நாளங்களும் முழுதாகப் பரவாது. திருப்புவது என்றால் இங்கே சாய்ப்பது: அட்டையின் ஒரு பக்கம் மரக்கட்டை வைத்து 40, 45 டிகிரி சாய்வு, அடுத்த முறை கட்டையை மறுபக்கம். நாளுக்கு 5 முறை. ஒற்றைப்படையாக இருந்தால் நீண்ட இரவு ஒரே பக்கத்தில் தொடர்ந்து விழாது. ஆட்டோமேட்டிக் ரோலர் பெட்டி வைத்திருப்பவர்கள், காற்றறை அலையும் முட்டைகளை உருட்டாமல் தனி அட்டையில் கையால் சாய்ப்பது நல்லது.

இப்போது தராசு. கோழி முட்டை 18 நாளில் தன் எடையில் 12 சதவீதம் நீரை இழக்க வேண்டும். 11 முதல் 13 வரை பரவாயில்லை. மீட்டர் பொய் சொல்லலாம், உயரக் கணக்கு பிசகலாம், எடை பிசகாது. சமையலறை டிஜிட்டல் தராசே போதும். 12 நாட்டு முட்டை சராசரி 45 கிராம் என்றால் மொத்தம் 540 கிராம். 7ஆம் நாள் 515, 14ஆம் நாள் 490, 18ஆம் நாள் 475 கிராம் இருக்க வேண்டும். 7ஆம் நாள் 505 காட்டினால் வேகமாகக் காய்கிறது; ஈரப்பதத்தை 5 சதவீதம் கூட்டி மூன்று நாள் கழித்து மறுபடி நிறுங்கள். 522 காட்டினால் ஒரு தட்டை வெளியே எடுங்கள். இடையில் முட்டை எதையாவது கழித்தால் அதன் முதல் நாள் எடையையும் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். அதனால் முதல் நாளே ஒவ்வொன்றின் எடையையும் ஓட்டில் எழுதிவிடுங்கள். அட்டையின் எடையைத் தனியே கழிக்கவும் மறக்க வேண்டாம், ஈரம் குடித்த அட்டை கனக்கும்.

7ஆம் நாள் வெளிச்சம் பார்த்தால் உயிருள்ள முட்டையில் நடுவே கரும்புள்ளியும் அதைச் சுற்றி ரத்த நாளங்களும் தெரியும். ஒன்றுமில்லாமல் மஞ்சளாகத் தெளிந்திருந்தால் கருவேறாத முட்டை, அல்லது வழியிலேயே செத்தது. சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் 2, 3ஆம் நாளில் செத்த கரு. உள்ளே கலங்கிய சேறுபோல் அலைந்தால் மஞ்சள் கருச் சவ்வு பார்சலிலேயே கிழிந்திருக்கிறது. இந்த மூன்றையும் எடுத்துவிடுங்கள். சந்தேகமானதை 10ஆம் நாள் வரை விடலாம். நாற்றமோ ஓட்டில் கசிவோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வெளியேற்றுங்கள். கூமுட்டை பெட்டிக்குள் வெடித்தால் மற்றவையும் கெடும். 14ஆம் நாள் காற்றறை தவிர மற்ற இடம் இருண்டு, அசைவும் தெரியும்.

மின்வெட்டு: 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரியுள்ள வீட்டு இன்வெர்ட்டர் இந்த அளவுப் பெட்டியை ஓர் இரவு முழுக்கத் தாங்கும், அதே இணைப்பில் டிவி ஓடாவிட்டால். இன்வெர்ட்டர் இல்லையென்றால், மின்சாரம் போனதும் பெட்டியைத் திறக்காமல் கம்பளி போர்த்துங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டால் வெந்நீர் பாட்டில் இரண்டைத் துணியில் சுற்றி, முட்டையில் படாமல் உள்ளே வைத்து, மணிக்கொரு முறை மாற்றுங்கள். சில மணி நேரம் 25 டிகிரிக்கு இறங்கினாலும் கரு பெரும்பாலும் பிழைக்கும், பொரிப்பு ஒரு நாள் தள்ளும். பதற்றத்தில் கொதிநீர் வைத்து 40 டிகிரிக்கு ஏற்றுவது அதைவிட ஆபத்து. கரு குளிரைத் தாங்கும் அளவுக்குச் சூட்டைத் தாங்காது.

18 முதல் 21: கையைக் கட்டிக்கொள்ளும் நாட்கள்

18ஆம் நாள் கடைசி முறையாக வெளிச்சம் பார்த்து, சாய்ப்பதை நிறுத்துங்கள். காற்றறை கோணலாக இருக்கும் முட்டைகளை அட்டையிலேயே நிமிர்த்தி விடுங்கள். படுக்கவைத்தால் குஞ்சு மூக்கை நீட்டும் இடத்தில் காற்று இல்லாமல் திரவம் நிற்கக்கூடும். நல்ல காற்றறை உள்ளவற்றைச் சொரசொரப்பான துணியில் படுக்கவைக்கலாம். வழவழப்பான தரையில் பொரிந்த குஞ்சின் கால்கள் அகன்று போகும். செய்தித்தாள் அதனால்தான் ஆகாது. ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு ஏறட்டும். எல்லாத் துளைகளும் திறந்தே இருக்கட்டும். கடைசி மூன்று நாளில் குஞ்சு நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்குகிறது. ஆக்சிஜன் தேவை உச்சத்தில் இருப்பது இப்போதுதான். துளை முழுக்கத் திறந்தும் ஈரமும் வெப்பமும் நிற்க வேண்டுமென்றால், முதலில் சொன்ன இரண்டாவது பல்பும் கூடுதல் ஸ்பாஞ்சும் இப்போது வேலைக்கு வரும். பெட்டியைத் திறக்காமலே தண்ணீர் ஊற்ற, ஒரு துளை வழியே சிறு ரப்பர் குழாயைத் தட்டுக்கு இறக்கி வையுங்கள்.

ஓட்டில் முதல் விரிசல் விழுந்த பிறகு 12 முதல் 24 மணி நேரம் குஞ்சு ஒன்றும் செய்யாததுபோல் இருக்கும். அது மீதி மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்து, சவ்வின் ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும் நேரம். பெட்டியைத் திறந்தால் மலைக்காற்று ஒரு நொடியில் உள்ளே பாய்ந்து, விரிசலடியில் சவ்வு காய்ந்து இறுகிவிடும். ஒன்றுக்கு உதவப்போய் நான்கைக் கொல்லும் வேலை இது.

விரிசல் விழுந்து 24 மணி நேரம் கடந்தும் முன்னேற்றமில்லை, உள்ளே சத்தம் மட்டும் கேட்கிறது, சவ்வு வெளுத்துத் தோல்போல் காய்ந்திருக்கிறது என்றால் மட்டும் கை வைக்கலாம். தேங்காய் எண்ணெயை (இங்கே அது உறைந்துதான் இருக்கும்) உருக்கி, உடல் சூட்டுக்கு ஆறவிட்டு, பஞ்சில் தொட்டுச் சவ்வில் மட்டும் தடவுங்கள். மூக்குத் துவாரத்தில் படக் கூடாது. விரிசலைச் சுற்றி ஓட்டைச் சிறு துண்டாக எடுங்கள். ரத்தம் ஒரு சொட்டு வந்தாலும் நிறுத்தி, உடனே பெட்டியில் வைத்து 6 மணி நேரம் விடுங்கள்.

பொரிந்த குஞ்சு முழுக்க உலர்ந்து பஞ்சாகும் வரை 24 மணி நேரம் உள்ளேயே இருக்கலாம். உள்ளிழுத்த மஞ்சள் கரு 48 மணி நேரத்துக்குப் பசி தாங்க வைக்கும். வெளியே எடுக்கும் முன் ப்ரூடர், அதாவது குஞ்சுகளுக்குச் சூடு தரும் கூண்டு, 34, 35 டிகிரியில் தயாராக இருக்கட்டும். வாரத்துக்கு 3 டிகிரி குறைப்பது பொதுக் கணக்கு. ஊட்டி இரவுகளில் 6ஆம் வாரம் வரைகூடச் சூடு தேவைப்படும். முதல் தண்ணீரில் மூக்கை ஒருமுறை நனைத்துக் காட்டுங்கள். 7ஆம் நாள் ராணிக்கெட் நோய்க்கு லசோட்டா தடுப்பு மருந்துச் சொட்டு, 14ஆம் நாள் கம்போரோ நோய்க்கான தடுப்பு மருந்து. இரண்டையும் கால்நடை மருத்துவமனையில் கேட்டுப் போடுங்கள்.

பொரியாத முட்டையை உடைத்துப் பாருங்கள்

23ஆம் நாள் முடிந்தும் சத்தமில்லாதவற்றை வெளியே, திறந்த இடத்தில், அகன்ற முனையிலிருந்து உடையுங்கள். அருவருப்பான வேலைதான், ஆனால் அடுத்த முறை எதை மாற்றுவது என்று வேறெதுவும் சொல்லாது.

முழுக்குஞ்சு, காய்ந்த சவ்வு உடலோடு ஒட்டியிருக்கிறது, காற்றறை முட்டையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்: ஈரம் போதவில்லை. குஞ்சு உப்பி, பிசுபிசுப்பாக, காற்றறை சிறிதாக, மூக்கைச் சுற்றித் திரவம்: ஈரம் அதிகம். 70, 75 சதவீதத்தை முதல் நாளிலிருந்தே வைத்தவர்களுக்கு இது நேரும். முழுக்குஞ்சு, சவ்வு சரி, காற்றறை சரி, மூக்கு காற்றறைக்குள் நுழைந்தபின் செத்திருக்கிறது: மூச்சுத் திணறல், துளைகளைப் பாருங்கள். மூக்கு கூர்முனைப் பக்கம் திரும்பியிருந்தால், முட்டை தலைகீழாக வைக்கப்பட்டிருக்கலாம், அல்லது காற்றறை இடம்மாறியதில் குஞ்சு வழி தவறியிருக்கலாம்.

பொரிப்பு எல்லாம் 22, 23ஆம் நாளுக்குத் தள்ளிப்போய், குஞ்சுகள் பெரிதாகச் சோர்ந்திருந்தால் வெப்பம் குறைவு. 19, 20ஆம் நாளிலேயே வந்து தொப்புள் மூடாமல் இருந்தால் வெப்பம் அதிகம். ஊர் முட்டை 21இல் வந்து தபால் முட்டை 22இல் வந்தால் வெப்பத்தை மாற்றாதீர்கள். அது முட்டையின் வயதால் வந்த தாமதம்.

வான்கோழி, கினி கோழி, வாத்து முட்டைகளுக்கு இதே முறைதான். நாட்கள் மட்டும் வேறு: வான்கோழியும் சாதாரண வாத்தும் 28, கினி 26 முதல் 28, மஸ்கோவி வாத்து 35, காடை 17, 18. திருப்பலை நிறுத்துவது எதிலும் கடைசி 3 நாள்.  புதிய பெட்டியைப் பழக, விலை மலிவான காடை முட்டையையே முதலில் வாங்கி வையுங்கள்.